அரைப்பேர்

சனிக்கிழமைகளில் நாங்கள்
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகளில் உட்கார்ந்து
பிரெஞ்சுப் புரட்சி படித்தோம்.
முழங்கால் மோவாயை இடிக்கும்.
கரும்பலகைக்கு மேலே ஒரு படம்:
ஆடு, மாடு, கோழி, வீட்டு விலங்குகள்.
கோழிக்குப் பக்கத்தில் ஒரு ராஜா
கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஹட்டனில் அந்தப் பள்ளிக்கூடத்தை
வார இறுதிக்கு மட்டும் கேட்டு வாங்கியிருந்தது
எங்கள் கற்கை நிலையம்.
பதினொரு பேர்.
டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து
அப்படியே வந்து
மடக்கிய கையில் தூங்கும் ஃபஸ்மியா.
பஸ் கண்டக்டர் யோகசீலன்.
பிறகு நான், போட்டோ கொப்பிக் கடைக்காரி.
இசட் புள்ளியில்
தசமத்துக்குப் பின்னால் நாலாவது இலக்கத்தில்
பல்கலைக்கழகத்துக்கு வெளியே நின்றவள்.

விரிவுரையாளருக்கு மூன்று மணிக்கு
நாவலப்பிட்டி பஸ்.
ஆகவே எங்கள் உலகப் போர்கள்
சீக்கிரமே முடிந்தன.

வார நாட்களில்
மெஷினின் பச்சை வெளிச்சம் ஊர்ந்து போகும் தாள்கள்தான்
எனக்குப் பாடப்புத்தகம்.
பிறப்புச் சான்றிதழ். மண்சரிவு விண்ணப்பம்.
சேமலாப நிதிப் படிவம்; அதில்
ஒரே மனுசி மூன்று பேரில் உழைத்திருப்பாள்:
மாரியாயி, மாரிஆய், மேரி.
"இதில எதும்மா சரியான பேரு?"
"காசு வார பேரு."

அதையே ஆய்வுக்கு எடுத்தேன்.
லோவர் கிரேக்மோர் தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள்,
கரையான் போதுமென்று விட்டுவைத்த பக்கங்கள்.
கிளாக்கர் என் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துவிட்டு
ஒவ்வொன்றாய்த் தந்தார்.
நாளுக்கு ஒரு கோடு, அது ஒரு பேர்.
கொழுந்து நிறை குறைந்த நாளில்
பாதிக் கோடு, அரைப்பேர்.
மழை நாட்களை வரிசையாக எண்ணினேன்:
ஒரு ஜூன் மாதம் முழுக்க
லயத்தில் எல்லோரும் பாதிப் பாதியாய் இருந்தார்கள்.
ஒரு பேருக்குப் பாதி எது,
தலையா காலா என்று
இருபத்தெட்டுப் பக்கம் எழுதினேன்.

இரண்டாம் வருஷக் கடைசியில்
பேராதனையிலிருந்து கடிதம்.
உள்வாரி மாணவியாகச் சேரலாம்.
இணைப்பில் ஒரு அட்டவணை.
உலக வரலாறு: ஏற்கப்பட்டது.
இலங்கை, புராதன காலம்: ஏற்கப்பட்டது.
குளங்களும் அரசுகளும்: ஏற்கப்பட்டது.
தோட்டப் பதிவேடுகள், கள ஆய்வு:
சமமான பாடம் இல்லை.

நாலு கொப்பி எடுத்தேன்.
நாலிலும் அந்த வரி
ஒரே அளவு கறுப்பாகத்தான் விழுந்தது.
ஃபஸ்மியா வாசித்துவிட்டு,
"இங்கயும் ஒனக்கு அரைப்பேர் போட்டுட்டாங்கடி" என்றாள்.
சிரித்துத் தீர்க்க அரைமணி நேரம் ஆனது.
பிறகு அவள் டியூட்டிக்குப் போனாள்.

புறப்பட்ட அன்று யோகசீலனின் பஸ்.
அவனுக்கு இன்னும் இரண்டு பாடம் பாக்கி.
சில்லறை இல்லையென்று
டிக்கெட்டின் முதுகில் இருபது என்று எழுதித் தந்தான்.
"எறங்கும்போது கேளு, மறந்திராத."
கினிகத்தேனைக்குக் கீழே
பனி தானாகக் கழன்றது.
கம்பளையில் சுவெட்டரையும் கழற்றினேன்.
பேராதனையில் பஸ் புகையைவிட்டுப் போன பிறகுதான்
கையிலிருந்த துண்டைப் பார்த்தேன்.
தேதி, தடம், தொகை,
எழுதியவனின் கிறுக்கல்.
எறியவில்லை. இது மூலச்சான்று.

வாசலில் காவலாளி
கொப்பியைத் திறந்து பேர் கேட்டார்.
முத்துக்கறுப்பன் புனிதமலர் என்றேன்,
நிறுத்தி நிறுத்தி, இரண்டு தரம்.
எழுதிக்கொண்டே போனவருக்கு
கட்டத்தில் இடம் முடிந்துவிட்டது.
முத்துக்கறுப்பன் புனி
என்று பேனா நின்றது.

பையில் பொலித்தீன் சுற்றிய இருபத்தெட்டுப் பக்கம்.
கையெழுத்து வைத்தேன்.
அவர் கேட்கவில்லை,
பக்கத்தில் தேதியும் போட்டேன்.